பிறந்த நிலமும் சேர்ந்த நிலமும்: வையைப் பாடல்களை நீர்வழி வாசித்தல்

முன்னுரை

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் ஆராயும் கட்டுரைகள் தமிழ்த்துறைகளில் பெருகியுள்ளன. கருத்தரங்கத் தொகுதிகளையும் ஆய்வேடுகளின் தலைப்புகளையும் பார்ப்போர்க்கு இது விளங்கும். இவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றே. ஐந்திணைகளை வரிசைப்படுத்துதல், முதற்பொருள் கருப்பொருள்களை எடுத்துக்காட்டுதல், மரம் விலங்கு பறவைகளுக்குப் பட்டியல் தருதல், இறுதியில் பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என முடித்தல் என்பதே அது. பட்டியல் தொகுப்பதில் உழைப்பு உண்டு, பயனும் உண்டு. ஆயின் பட்டியலிலிருந்து அம்முடிவுக்குச் செல்லும் வழி ஆராயப்படுவதில்லை. ஒரு மரத்தின் பெயரை அறிந்திருத்தல் வேறு. அம்மரம் நிற்கும் மலையை எவ்வாறு பேணினர், பேணியதன் பயன் யாரைச் சேர்ந்தது, பேணாததன் இழப்பை யார் சுமந்தனர் என்பன வேறு. இயற்கைவள மேலாண்மை என்பது இவ்விரண்டாம் வகை வினாக்களைப் பற்றியது.

மலையில் தோன்றும் ஓர் ஆற்றின் நிலப்பரப்பை அளவுகோலாகக் கொண்டு, பரிபாடலின் வையைப் பாடல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவற்றுக்கு ஒப்பாகவும் உறழ்வாகவும் புறநானூறு, மலைபடுகடாம், சிலப்பதிகாரம் ஆகியவற்றின் சில பகுதிகளும், வைகை அணையைப் பற்றிய தற்கால நாவல் ஒன்றும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திணைவாரியாக வாசிக்கும்போது மறைந்துபோகும் ஒரு செய்தி, ஆற்றின் வழியே வாசிக்கும்போது தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நீர்வடிப்பகுதி என்னும் அளவுகோல்

ஓரிடத்தில் பெய்யும் மழை எந்த ஆற்றில் சென்று சேருமோ, அந்த ஆற்றுக்கு உரியதாக அந்நிலம் கருதப்படும். இவ்வாறு ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் நீர்வடிப்பகுதி என்றும் வழங்குவர். மலையுச்சியின் காடு, சரிவின் புன்செய், அடிவாரத்துக் குளம், சமவெளியின் நன்செய், கடைமடையின் ஊர் யாவும் இதில் ஒரே உடலின் உறுப்புகள். காடு அழிந்தால் மண் அரிக்கப்படும். மண் அரிக்கப்பட்டால் குளம் தூரும். குளம் தூர்ந்தால் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும். ஆதலின் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பணி செய்க என்பது இத்துறையின் முதல் விதி. ஹனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1994இல் உருவான நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளும், 2008இன் பொது வழிகாட்டு நெறிகளும் நீர்வடிப்பகுதியையே ஊரக மேம்பாட்டின் அலகாகக் கொண்டன.

இவ்விதியில் அறிவியலோடு அறமும் கலந்துள்ளது என்பதை வடநாட்டு நிகழ்வு ஒன்று காட்டும். சண்டிகர் நகரில் 1958இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சிவாலிக் குன்றுகளிலிருந்து அடித்துவரப்பட்ட வண்டலால் விரைந்து தூர்ந்தது. அவ்வண்டலின் ஒரு பகுதி சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரின் சரிவுகளிலிருந்து வந்தது. அங்கு ஆடுமாடுகள் மேய்ந்து சரிவுகள் வெறுமையாகியிருந்தன. மேய்ச்சலை நிறுத்துக என்று நகரம் கூறினால் ஊர் ஏன் கேட்க வேண்டும்? 1970களின் நடுவில் மண்வள அறிஞர் பி.ஆர்.மிஸ்ரா இவ்வினாவை நேர்கொண்டார். குன்றின் ஓடைகளில் சிறு மண்ணணைகள் கட்டப்பட்டன. அந்நீரில் நிலமற்றோர் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கு தரப்பட்டது. தமக்குப் பங்கு உண்டு என்றானபின் ஊரார் தாமே சரிவுகளைக் காத்தனர். வேலியின் தேவை எழவில்லை. கீழே ஏரி தூர்வது குறைந்தது; மேலே புல்லும் பயிரும் பெருகின. மேட்டு நிலத்தார்க்கு உரிய பங்கை ஒப்புக்கொள்ளாமல் பள்ளத்து நீரைக் காக்க முடியாது என்பதே இதன் பாடம். நீர்வளம் பாடும் இலக்கியத்தை இப்பாடத்தை மனத்திற்கொண்டு அணுகினால் புதிய வினா ஒன்று பிறக்கிறது. ஆற்றின் பயனைப் பாடும் பாட்டு, அப்பயன் பிறந்த நிலத்தை எவ்வாறு நோக்குகிறது?

இலக்கணம் நீரைப் பகுத்த முறை

முதற்கண் இலக்கண நூல்களைக் காண்போம். தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்னும் எட்டைப் பெயர் சுட்டிப் பிறவற்றையும் உளப்படுத்துகிறது. நீர் தனியாகப் பெயர் பெறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தில் கருப்பொருள் பதினான்காக விரிகிறது. அவற்றுள் நீரும் ஒன்று. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் குறுஞ்சுனையும் கான்யாறும், மருதத்துக்கு ஆறும் பொய்கையும் கிணறும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்குழியும் என நீர் பகுக்கப்படுகிறது. பாலைக்கு உரியது நீர் வற்றிய கூவல்.

இப்பகுப்பு நுட்பமானது. ஆயினும் அருவியாக விழுவதும், கான்யாறாக ஓடுவதும், மருதத்தில் ஆறாகப் பெருகுவதும் ஒரே நீர் என்பதை அது சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை. நிலத்துக்கு நிலம் நீரின் பெயர் மாறுவதைக் காட்டுவதே அதன் நோக்கம்.

தொல்காப்பியத்தின் இரு விதிகள் இங்கு மேலும் நோக்கத்தக்கன. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம். ஆயின் நிலமும் நிலமும் ஒருங்கு மயங்குதல் இல்லை என்பது ஒன்று. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்துக்கு வந்து சேர்ந்தால், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது மற்றொன்று. செய்யுள் வழக்கைக் கண்டு வகுத்த விதிகள் இவை. நிலவுடைமை பற்றியன அல்ல. எனினும் ஆற்றை மனத்திற்கொண்டு இவற்றைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். நிலத்தோடு நிலத்தை மயக்குவதே ஆற்றின் தொழில். மலையின் பூவையும் மண்ணையும் மரத்தையும் சமவெளிக்குக் கொணர்வதே அதன் இயல்பு. அவ்வாறு வந்தவை சேர்ந்த நிலத்துக்கே உரியன எனின், பிறந்த நிலத்தின் கணக்கு எங்கே எழுதப்படும்? வையைப் பாடல்களின் அழகும் எல்லையும் இவ்வினாவில்தான் உள்ளன.

வையைப் பாடல்கள்: வந்து சேர்ந்த மலை

பரிபாடலின் எழுபது பாடல்களில் இருபத்தாறு வையைக்கு உரியனவாக இருந்தன என மரபு கூறும். முழுமையாகக் கிடைத்துள்ள இருபத்திரண்டில் எட்டு வையையைப் பாடுவன. அவற்றைப் பொதுவாகப் புதுப்புனல் விழாப் பாடல்கள் என்றே கூறுவர். மதுரை மக்கள் ஆற்றுக்குத் திரண்டு செல்வதும், நீராடுவதும், ஊடலும் கூடலுமே அவற்றின் பெரும்பகுதி. ஆயின் பாடல்களின் தொடக்கங்களை மட்டும் தனியே நோக்கினால் வேறொரு பொருள் விளங்கும். அவை பெரும்பாலும் மலையில் தொடங்குகின்றன.

நல்லந்துவனாரின் பதினோராம் பாடல் கோள்நிலைகளைக் கூறி மழைக்காலத்தைச் சுட்டியபின், சையமலையில் பெய்த மழையால் வையைப் புனல் நெருங்கிப் பெருகுவதைச் சொல்கிறது. சையம் என்பது இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலை. வைகையின் தலைநீர் அம்மலைத்தொடரின் வருசநாட்டுப் பகுதியில் தோன்றுவது இன்றும் உண்மை. மதுரையில் இருந்து பாடிய புலவர் தம் ஆற்றின் பிறப்பிடத்தைப் பெயர் சுட்டி அறிந்திருந்தார். பத்தாம் பாடல் மலையில் மாலைப்பொழுதில் பெய்த பெருமழை நிலத்தின் அல்லல் தீரப் பெருகி வருவதோடு தொடங்குகிறது. இருபதாம் பாடலின் தொடக்கம் இன்னும் நுட்பமானது. கடலைக் குறையச் செய்து முகந்த நீரே, மலையின் கல்லும் குறையுமாறு மோதிப் பெய்கிறது என்கிறது அது. நீரின் சுழற்சியும் பாறையின் அரிப்பும் ஒரே அடியில் அடங்கியுள்ளன. கடலுக்கும் மலைக்கும் ஒரே வினைச்சொல்லை வழங்கிய புலவர், ஓரிடத்துப் பெருக்கம் வேறோரிடத்துக் குறைவு என்பதை உணர்ந்தவர் எனலாம்.

இவ்வுணர்வு பாடலின் உள்ளே வளர்கிறதா என்பதே அடுத்த வினா. நல்வழுதியாரின் பன்னிரண்டாம் பாடலில் ஆறு அகில், சுரபுன்னை, ஞெமை, சந்தனம், தகரம், ஞாழல், தேவதாரம் ஆகிய மரங்களைத் தாங்கி வருகிறது. சூழலியல் கட்டுரைகள் இத்தகைய இடங்களை மலைவளத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நீர்வழி நோக்கினால் இதே சான்று வேறொன்றையும் சொல்லும். வெள்ளத்தில் வரும் மரம் வேரோடு பெயர்ந்த மரம். மரம் பெயர்ந்த இடத்தில் சரிவு திறந்திருக்கும். பாடல் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை. மரங்கள் மதுரைக்கு வந்தவுடன் நறுமணமாகவும் வளமாகவும் மாறிவிடுகின்றன. வந்த பூ வந்த நிலத்துக்கு உரியது என்னும் விதியின் விரிவாக்கம் இது எனலாம்.

ஆறாம் பாடலில் ஒரு சிறு தயக்கம் உண்டு. மாந்தர் பூசிய மணப்பொருள்களும், மலரும், வேரும், கிழங்கும், நறவமும் கலந்ததால் புனலின் இயல்பு மாறியது கண்டு அந்தணர் கலங்குகின்றனர். ஆற்றின் தூய்மை பற்றிய கவலை பரிபாடலில் வெளிப்படையாக எழும் இடம் இது. இக்கவலையும் நீராடும் துறையைப் பற்றியதே. தலைநீரைப் பற்றியது அன்று. இப்பாடல்களில் மலைவாழ் மாந்தரின் குரல் எங்கும் முதன்மை பெறவில்லை. மழை பெய்யும் இடமாகவும் பொருள் வரும் இடமாகவும் மலை இருக்கிறது. வாழும் இடமாக இல்லை.

இது புலவரின் குறையன்று. நகரத்து விழாவைப் பாட வந்த பாட்டு நகரத்தின் கண்ணால் காண்பது இயல்பு. குறை, இப்பாடல்களை மலைவள மேலாண்மைக்குச் சான்றாகக் காட்டும் திறனாய்வில் உள்ளது. இவை சான்றாவது நுகர்வுக்கு, மேலாண்மைக்கு அன்று.

பறம்பும் நவிரமும்: மலையிலிருந்து நோக்குதல்

மலையிலேயே நின்று நீரை நோக்கும் பாடல்களும் சங்க இலக்கியத்தில் உள்ளன. கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய இரு புறப்பாடல்கள் அவ்வகையில் முதன்மையானவை. புறநானூற்று 105ஆம் பாடல் விறலியை ஆற்றுப்படுத்துவது. மழை பெய்தாலும் பெய்யாவிடினும், கொள் விதைக்க உழுத அகன்ற நிலத்தில் வாய்க்காலாக ஓடுமாறு பறம்பின் சிகரந்தோறும் அருவி இழியும் என்பது அதன் செய்தி. வள்ளலின் பெருமையைக் கூறும் உயர்வு நவிற்சி என இதனைக் கடந்துவிடலாம். ஆயின் பெய்யாவிடினும் என்னும் கருத்து ஆழமுடையது. மழையில்லா நாளிலும் ஓடும் நீர் முன்பெய்த மழையை மலை தேக்கிவைத்துத் தருவது. காடும் மண்ணும் காக்கப்பட்ட மலையே அவ்வாறு தரும். மலையை நீர்த்தேக்கமாகவும், அருவியைக் கால்வாயாகவும், நீரைக் குறைவாக வேண்டும் கொள்ளைப் பயிராகவும் அப்பாடல் ஒன்றிணைக்கிறது. நெல் அங்கே சொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது. சரிவுக்கு ஏற்ற பயிரையே கபிலர் சொல்கிறார்.

118ஆம் பாடல் பாரி இறந்தபின் பாடப்பட்டது. பாறையும் சிறு குன்றும் இணைந்த தலையினையும், எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையினையும் உடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம், காப்பாரின்றி உடைகிறது. உரையாளரும் ஆய்வாளரும் இதனைக் கையறுநிலையின் உருக்கமாகவே விளக்குவர். உருக்கம் மெய்யே. அதனோடு நீர் மேலாண்மை பற்றிய கூர்மையான கூற்றும் அதில் உண்டு. அக்குளத்தின் மூன்று எல்லைகளை இயற்கை தந்தது; ஒரு கரையை மனிதர் தந்தனர். இயற்கை தந்தவை நிற்கின்றன. மனிதர் தந்தது உடைகிறது. கரையைக் காக்கும் அமைப்பு மறைந்த நாளில் குளமும் மறைகிறது. நீர்நிலையை உயிரோடு வைத்திருப்பது நீரும் கல்லும் மட்டுமல்ல, ஆண்டுதோறும் கரையைப் பேணும் ஏற்பாடு என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்வது அரிது. நிலம் பள்ளமாக உள்ள இடத்தில் நீரைத் தேக்குவோரே புகழை நிலைநிறுத்துவோர் என்று குடபுலவியனார் பாண்டியனுக்கு அறிவுறுத்தும் 18ஆம் பாடல் ஆக்கத்தைப் பேசுகிறது. கபிலர் பாடல் பேணுதலைப் பேசுகிறது. நம் பாடநூல்களில் முன்னது பெற்ற இடத்தைப் பின்னது பெறவில்லை.

மலைபடுகடாம் இன்னும் விரிந்த சான்று. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகளில், கூத்தர் கூட்டம் நவிரமலை நாட்டின் வழியே சேயாற்றை அடைந்து நன்னனின் நகருக்குச் செல்ல வழிகூறப்படுகிறது. பாலாற்றோடு கலக்கும் சேயாறு சவ்வாது மலையில் பிறப்பது. பாட்டில் வழி என்பது மலையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து ஊருக்கும் இறங்குவது. ஒரு நீர்வடிப்பகுதியை அடியளந்து நடக்கும் நூல் இது எனில் மிகையாகாது.

இந்நூலில் மலை பரிசுப்பொருள் தரும் இடமாக மட்டும் இல்லை. அங்கே விதிகள் உள்ளன, ஆபத்துகள் உள்ளன, உழைப்பு உள்ளது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் இரவில் செல்லற்க என்றும், புனங்காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல் படாமல் செல்க என்றும், வழுக்கும் பாறைகளைக் கவனித்துக் கடக்க என்றும் அறிவுரை வருகிறது. நூலுக்குப் பெயர் தந்த ஓசைப் பட்டியலில் அருவியாடும் மகளிரின் ஆரவாரம் உண்டு. புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டும் உண்டு. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் கரும்பாலையின் ஒலியும் உண்டு. மலை ஒலிப்பது அங்கு மனிதர் வாழ்வதால். பரிபாடலின் பட்டியல் பொருள்களின் பட்டியல். மலைபடுகடாத்தின் பட்டியல் வினைகளின் பட்டியல். இவ்வேறுபாட்டைத் திணை அடிப்படையிலான தொகுப்புமுறை காட்டாது. அதில் இரண்டும் குறிஞ்சிக் கருப்பொருள் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும்.

பேரியாற்றங்கரை: சுமந்து வந்தவர்கள்

மலையின் பொருள் சமவெளி ஆட்சிக்குச் சென்று சேரும் வேறொரு காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. வஞ்சிக்காண்டத்துக் காட்சிக்காதையில் செங்குட்டுவன் பேரியாற்றின் மணற்கரையில் தங்கியிருக்க, மலைக்குறவர் திறைப்பொருள்களைத் தலைச்சுமையாகக் கொணர்கின்றனர். யானைக்கோடு, அகில், கவரி, தேன், சந்தனம் என நீளும் அப்பட்டியலின் சில பொருள்கள் வையை சுமந்து வந்தவையே. பரிபாடலில் ஆறு சுமந்ததை இங்கே மனிதர் சுமக்கின்றனர். பல பிறவிகளாக அடிமைப்பட்டோம் எனப் பணிந்து கூறிய அவர்களே, வேங்கை மரத்தடியில் தாம் கண்ட கண்ணகியின் செய்தியையும் சொல்கின்றனர். மன்னன் அறியாத செய்தி மலையிலிருந்து வருகிறது. காப்பியத்தின் மூன்றாம் காண்டம் அச்செய்தியால் நடக்கிறது. இளங்கோவடிகள் மலைவாழ் மாந்தர்க்குச் சுமையையும் தந்தார், சொல்லையும் தந்தார். மலைவளம் பேசும் இலக்கியத்தில் இச்சொல் உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

1895க்குப் பின்: இரு ஆறுகளின் ஒரு கதை

பாடல்களில் தனித்தனியே ஓடிய வையையும் பேரியாறும் 1895இல் இணைந்தன. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரை அணையால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகை வடிநிலத்துக்குத் திருப்பினர். 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 8,000 ஏக்கர் நிலத்துக்கு 999 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் என்றிருந்த குத்தகைத் தொகை 1970இல் முப்பது ரூபாயாக உயர்ந்தது. பென்னிகுயிக் பெயர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது. அந்நன்றி தகுதியானதே. வைகையின் தலைநீர்ப்பகுதி மழைமறைவில் கிடப்பது. அந்நீரின்றி மதுரையும் மேலூரும் இன்றைய வேளாண்மையைப் பெற்றிரா.

ஆயினும் நம் பொதுப்பேச்சில் அணையின் மட்டமே நிறைந்திருக்கிறது. 136 அடியா 142 அடியா 152 அடியா என்பதே வழக்கு. உச்சநீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் 142 அடிக்கு இசைவு தந்தது. மட்டம் என்பது சேர்ந்த நீரின் கணக்கு. அந்நீரைப் பிறப்பிக்கும் காடு கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் உள்ளது. மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் அக்காட்டைச் சார்ந்து வாழ்வோர். 1990களின் இறுதியில் அங்கு நடந்த சூழல்மேம்பாட்டுத் திட்டத்தில், வயனா எனப்படும் காட்டுப் பட்டையைத் திருட்டாக உரித்து விற்று வந்தோர் ஒரு குழுவாக்கப்பட்டுக் காட்டைக் காக்கும் பணியும், பயணிகளை அழைத்துச் செல்லும் வருவாயும் பெற்றனர். சுக்கோமாஜ்ரியின் பாடமே இங்கு வேறு வடிவில் நிகழ்ந்தது. மதுரையின் குழாயிலும் வயலிலும் வரும் நீருக்குப் பின்னால் இத்தகையோரின் காவலும் உண்டு. அதைப் பாடும் வையைப் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை.

வைகையின் சொந்தத் தலைநீர்ப் பகுதியும் சிக்கலற்றதன்று. திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. வைகையின் தலைநீர்க் காடுகள் அதனுள் அடங்கும். அக்காடுகளை அடுத்தும் உள்ளும் பல்லாண்டுகளாக வாழ்ந்து பயிர் செய்வோரின் உரிமைக்கும், காட்டைக் காக்கும் கடமைக்கும் இடையிலான முரண் நீண்டுவந்துள்ளது. மாதவ் காட்கில் குழு 2011இல் அளித்த அறிக்கை, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பு பற்றிய முடிவுகள் ஊர்ச்சபைகளிலிருந்து எழ வேண்டும் என வலியுறுத்தியது. 2013இல் வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை மலைத்தொடரின் ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பரப்பைக் கூருணர்வு மிக்கதாக வரையறுத்தது. எல்லைக்கோடு எங்கே என்பதே பின்னர் வாதமாயிற்று. கோட்டை வரைவதில் மலைவாழ்வோர்க்குப் பங்கு என்ன என்பது பின்தள்ளப்பட்டது.

தற்காலத் தமிழ்ப் புனைகதையில் வைகையின் இக்கணக்கைத் திறந்த நூலாக வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தைக் கொள்ளலாம். 2003இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இந்நாவல், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களின் வாழ்வைச் சொல்வது. பேயத்தேவர் என்னும் முதிய உழவரின் உழைப்பையும் இழப்பையும் மையமாகக் கொண்டது. அடுக்குமொழியும் உணர்ச்சிப் பெருக்கும் சில இடங்களில் நாவலின் நடையைத் தளர்த்துகின்றன என்னும் திறனாய்வு ஏற்கத்தக்கதே. ஆயினும் பரிபாடல் விட்டுச்சென்ற இடத்தை இந்நாவல் நிரப்புகிறது. அங்கே நீர் வருவது விழா. இங்கே நீர் வருவது இழப்பு. கீழ்நிலத்துப் பாசனத்துக்கு விலையாக மேல்நிலத்து ஊர்கள் மறைகின்றன. ஒரே ஆற்றின் இரு கரைகளாக இவ்விரு நூல்களையும் சேர்த்துப் பாடம் சொல்லும் வகுப்பறையில், பேயத்தேவரின் வீட்டுச்சுவரைத் தொடும் நீரும் கூடல்மகளிர் ஆடும் புனலும் ஒன்றே என்பதை மாணவர் உணர்வர்.

இந்நாவலுக்கும் எல்லை உண்டு. அதன் பார்வை அணையின் நீர்ப்பரப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள மலை அதிற் பின்னணியே. அருவியின் தலைநீரில் வாழ்வோர் இங்கும் பேசவில்லை.

ஒரு தடை, அதற்கு விடை

பண்டைச் செய்யுளிடம் இன்றைய நிருவாகக் கொள்கையை எதிர்பார்ப்பது முறையா எனச் சிலர் வினவலாம். முறையன்று. விழாப்பாட்டை விழாப்பாட்டாகவும் கையறுநிலையைக் கையறுநிலையாகவும் சுவைப்பதே முதற்கடமை. அவ்வாறு சுவைக்கவிடாமல், எல்லாப் பாடல்களையும் பண்டைத் தமிழரின் சூழலறிவு என்னும் ஒரே பெட்டிக்குள் அடைக்கும் போக்கையே இக்கட்டுரை மறுக்கிறது. கபிலரும் பெருங்கௌசிகனாரும் நல்வழுதியாரும் மலையை ஒரே வகையில் காணவில்லை. வேறுபாட்டை அழித்தபின் எஞ்சும் பெருமிதத்தால் இலக்கியத்துக்கும் பயனில்லை, மலைக்கும் பயனில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. வையைப் பாடல்கள் ஆற்றின் பிறப்பிடத்தை அறிந்தவை. ஆயின் அதனை வந்து சேர்ந்த பொருள்களின் வழியாகவே அறிந்தவை. புறநானூற்றுப் பறம்புப் பாடல்களும் மலைபடுகடாமும் நீரைத் தேக்கும் மலையையும், கரையைப் பேணும் ஏற்பாட்டையும், அங்கு வாழ்வோரின் வினையையும் காட்டுபவை. திணைவாரித் தொகுப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். நீர்வழி வாசிப்பு இவற்றைப் பிரித்துக் காட்டும்.

சூழலியல் ஆய்வை மேற்கொள்ளும் மாணவர்க்கு இதிலிருந்து ஒரு வேலை காத்திருக்கிறது. ஒரு திணையை எடுத்துக்கொள்வதற்கு மாறாக ஓர் ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். தலைநீர் முதல் கடைமடை வரை அந்த ஆற்றைப் பற்றி வந்த பாட்டு, காப்பியம், தலபுராணம், நாட்டார் பாடல், நாவல் அனைத்தையும் ஒருங்கே வைத்து, எந்த இடத்தில் யார் பேசுகின்றனர், யார் பேசவில்லை எனக் குறிக்கலாம். பொருநைக்கும் காவிரிக்கும் பவானிக்கும் இவ்வேலை நடைபெறவேண்டும். ஆற்றுக்கு மாநில எல்லை இல்லையாதலின், தமிழகத்துக்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகள் மலையாள, கன்னட நூல்களையும் இணைத்து இதனைச் செய்தற்கு ஏற்ற இடத்தில் உள்ளன. வந்த பூ வந்த நிலத்துக்கு உரியது என்பது செய்யுளுக்கு நல்ல விதி. திறனாய்வு அப்பூ பிறந்த நிலத்தையும் கேட்க வேண்டும்.